உப்புக்காற்றும் பிள்ளைகளின் பெஞ்சும்

இந்தக் கரையில் மரச்சாமான் கெடுவது பெரும்பாலும் ஆணியிலிருந்து தொடங்குகிறது. பலகை நன்றாக இருக்கும். ஆணியைச் சுற்றி மட்டும் கறுப்பாக ஒரு வட்டம் விழும். அந்த இடத்தை விரலால் அழுத்தினால் மரம் பொதபொதவென்று உள்ளே போகும். பிறகு ஆணி ஆடும், பலகை ஆடும், ஒரு நாள் பிள்ளை ஓரத்தில் உட்காரும்போது மறுமுனை எகிறும். மரக்காணம் உப்பளங்களை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், டீக்கடை பெஞ்சு, கடைவாசல் ஸ்டூல் என்று எதைக் கவிழ்த்துப் பார்த்தாலும் இதே கதை. தச்சு பழகத் தொடங்கியதும் நான் முதலில் செய்த வேலை, இப்படிப் பெஞ்சுகளைக் கவிழ்த்துப் பார்த்ததுதான். உப்பளத்துக்குப் போகிற வீடுகளின் பிள்ளைகள் மாலையில் பூவரசு நிழலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். அவர்களுக்கு ஒரு பெஞ்சும் மேசையும் வேண்டும். மழைக்கும் வெயிலுக்கும் வெளியிலேயே கிடக்கப்போகிற சாமான்.

*

காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கொஞ்சம் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு 33 சதவீதமே போதும். ஐப்பசியில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். ஆணித் தலையில் காற்று கொண்டுவந்து படியவைக்கும் உப்பு, வெயிலிலும் முழுதாகக் காய்வதில்லை. இரும்பின் மேல் எந்நேரமும் ஓர் உப்புநீர்ப் படலம். இரும்பு அதில் கரைகிறது. கரைந்த இரும்பு மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கறுக்கிறது. கூடவே உண்டாகும் காரம் மரத்தின் நாரைப் பிரித்துவிடுகிறது. செல்லு அரிக்காத மரமும் இப்படித்தான் சாகிறது.

*

இரும்பு ஆணிக்கு மாற்று என்ன? விடை உப்பளத்துக்குள்ளேயே இருக்கிறது. உப்பு வாரும் பலகை மரம், அதன் நீளக் கம்பும் மரம். இரும்பாக இருந்தால் துரு உப்பில் இறங்கி நிறத்தைக் கெடுக்கும், விலை போகாது. கம்பு பலகையில் எப்படி நிற்கிறது என்று வரப்பில் நின்ற ஓர் அக்காவிடம் கேட்டேன். “தொளையில சொருகி ஆப்பு அடிச்சிருக்கு தம்பி. ஆணி அடிச்சா ஒரு சீசன் தாங்காது” என்றார்.

கடற்கரைக்குப் போனாலும் இதே பாடம். கட்டுமரத்தைக் கயிற்றால்தான் கட்டினார்கள். கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போட முடியும். கட்டைக்குள் கடற்புழு குடியேறாது. அலைவாயில் ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய மசூலாப் படகின் பலகைகள் தேங்காய்நார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை தூக்கிக் கரையில் அறைந்தாலும் அது நெளிந்து கொடுக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் வந்து கட்டுமரம் அருகிவிட்டது. ஆனால் உப்புத் தண்ணீரில் மரத்தோடு மரத்தை எப்படிச் சேர்ப்பது என்ற கேள்விக்கு இந்தக் கரை பல நூற்றாண்டாகக் கொடுத்த பதில் அது. புதிதாகப் பழகுகிறவன் வேறெங்கும் போகவேண்டியதில்லை.

கயிறே போதாதா என்றும் யோசித்தேன். பந்தலும் சாரமும் கட்டுகிற ஊர்தானே. ஏறி விளையாடும் சட்டத்துக்கு அது பொருந்தும். உட்காரும் சாமானுக்குச் சரிவராது. மரம் காயக்காயக் கட்டு தளரும், தளர்ந்த கட்டுக்குள் சின்ன விரல் போகும். நைலான் கயிறோ வெயிலில் நாளடைவில் நைந்துபோகும்.

*

என்சோ மாரி என்ற இத்தாலிய வடிவமைப்பாளர் 1974இல் 19 மரச்சாமான்களின் வரைபடங்களை வெளியிட்டார். மேசை, நாற்காலி, கட்டில், அலமாரி எல்லாம் கடையில் கிடைக்கும் சாதாரணப் பலகையும் ஆணியும் சுத்தியலும் மட்டும் கொண்டு செய்யக் கூடியவை. தபால் செலவு அனுப்பிக் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தார். தன் கையால் ஒன்றைச் செய்து பார்த்தவன்தான் நல்ல சாமானையும் மோசமான சாமானையும் பிரித்தறிவான் என்பது அவர் நம்பிக்கை. எனக்கும் அதே நம்பிக்கை உண்டு. மேசையின் கால்களைக் குறுக்குச் சட்டத்தால் முட்டுக்கொடுக்கும் அவருடைய முறையை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆணியை மட்டும் அவரிடமே விட்டுவிட்டேன். அவர் இருந்த மிலான் நகரத்துக் காற்று வேறு.

*

எனக்குத் தச்சு சொல்லிக்கொடுக்கும் ஆசாரி சொன்ன முறை. ஒரு கட்டையின் முனையை நாக்காகச் செதுக்கிக்கொள்ள வேண்டும். மற்றொன்றில் அதே அளவுக்குத் துளை பொளிய வேண்டும். இரண்டிலும் குறுக்கே ட்ரில்லால் ஓட்டை போட்டு, சேர்த்து மர ஆணி அடிக்க வேண்டும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நாக்கில் போடும் ஓட்டையை, துளைக்கட்டையில் போட்ட ஓட்டைக்கு நேராகப் போடாமல், நாக்கு தொடங்கும் தோள்பக்கமாக ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப் போட வேண்டும். மர ஆணி உள்ளே போகும்போது வளைந்து, இணைப்பை இழுத்து இறுக்கிக்கொள்ளும். பசையே வேண்டாம்.

இன்னொன்று: மர ஆணி சட்டத்தைவிட நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். சட்டம் கொஞ்சம் பச்சையாக இருந்தால் நல்லது. சட்டம் காய்ந்து சுருங்கும், ஆணி ஈரம் வாங்கி உப்பும். ஒன்றையொன்று விடாது. முற்றின மூங்கில், நாட்டுக் கருவேலச் சேகு (நடுவைரம்) இரண்டும் ஆணிக்கு ஏற்றவை.

“தம்பி, கொட்டாப்புளிய ஓங்கி அடிக்காத. உளி கூரா இருந்தா தட்டினாலே போதும்.” அவர் பேச்சில் பாதி உளி தீட்டுவதைப் பற்றித்தான். ரம்பம், உளி, இழைப்புளி, மூலைமட்டம், கொட்டாப்புளி: இவ்வளவு இருந்தால் ஒரு சின்னப் பெஞ்சு எழும்பும். திருகாணி போட்டே ஆகவேண்டும் என்றால் 316 என்று போட்ட எவர்சில்வர் திருகாணி. கடையில் சாதாரணமாகக் கொடுப்பது 304. அதில் மாலிப்டினம் இல்லை, உப்புக்காற்றில் புள்ளிபுள்ளியாக அரிக்கும். 316இன் விலை அதிகம்தான். ஆனாலும் மடக்கிவைக்கிற மேசையின் கீலுக்கு வேறு வழியில்லை.

*

எந்த மரம்? இதைத்தான் அதிகம் எழுதி வைத்திருக்கிறேன்.

பூவரசு. என் வாக்கு இதற்குத்தான். கடலோரத்திலேயே வளர்கிறது, உப்பு மண்ணைத் தாங்குகிறது. சேகு சாக்லேட் நிறத்தில், நெருக்கமான நாரோடு, இழைப்புளிக்கு அடங்கி நடக்கும். புதுக்கையை மதிக்கிற மரம். தண்ணீரில் சீக்கிரம் கெடாது. வண்டிக்கும் படகுக்கும் இதைத் தேடியது அதற்காகத்தான். இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளை இந்தக் கரையில் இல்லை. அதே மரத்தில் அவர்களுக்குப் பெஞ்சு அமைவது எனக்குப் பிடித்திருக்கிறது. நேரான நீளக் கட்டை கிடைப்பதுதான் கஷ்டம். சின்னப் பிள்ளைகளின் சாமானுக்கு நீளம் தேவைப்படாததால் அது பெரிய குறையில்லை.

வேம்பு. செல்லு நெருங்காது. ஆனால் நார் ஒன்றுக்கொன்று எதிராகப் பின்னிக்கிடப்பதால், இழைக்கும்போது ஒரு பக்கம் வழவழப்பாகும், மறுபக்கம் பிய்த்துக்கொண்டு வரும். பழகினவர்கள் கையில்தான் ஒழுங்காகும்.

சவுக்கு. எங்கு பார்த்தாலும் தோப்பு, மலிவு, உருளையாகவே கிடைக்கும். சில ஆண்டுகளில் வெட்டிவிடுவதால் சேகு பிடிப்பதற்குள் விற்பனைக்கு வந்துவிடுகிறது. காயும்போது நீளவாக்கில் வெடிக்கும். மண்ணில் நட்டால் அடி உளுத்துப்போகும். ஊஞ்சலைத் தாங்கும் கம்பமாக வேண்டாம் என்பேன். நிழலுக்குப் போடும் கீற்றுப் பந்தலுக்குச் சரி, அதுவும் அவ்வப்போது மாற்றுவதாக இருந்தால்.

பனை. பழைய ஓட்டு வீட்டுக் கூரையிலிருந்து இறக்கின பனங்கை கிடைத்தால் அது பெரும் பேறு. வெளிப்பக்கத்துக் கறுப்பு வைரம் இரும்புக்கு நிகர். புதிதாக வெட்டச் சொல்லிக் கேட்கக் கூடாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள், அது நல்லதும்கூட. பிள்ளைகளின் சாமானில் பனையைக் காலுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் மட்டுமே வைப்பேன். எவ்வளவு இழைத்தாலும், உப்புத்தாள் போட்டாலும், நாளாவட்டத்தில் அந்தக் கறுப்பு நார் ஊசியாக எழும்பும். டிராயர் போட்ட பிள்ளையின் தொடையில் பனஞ்சிலாம்பு ஏறினால் எடுப்பது எவ்வளவு பாடு என்று அம்மாக்களைக் கேளுங்கள்.

சீமைக்கருவேலம். கரிக்கு மட்டுமே ஆகும் என்று நினைக்கிறார்கள். முற்றின அடிமரம் காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும், திருகாது. கோணல் துண்டாகத்தான் கிடைக்கும் என்பதால் காலுக்கு வைத்துக்கொள்ளலாம். கழுவெளிப் பக்கம் மட்டும் கை வைக்கக் கூடாது: 2021இல் பறவைகள் சரணாலயம், 2024இல் ராம்சர் ஈரநிலம். அங்கே சுள்ளிகூடப் பறவைக்குத்தான்.

பேலட் பலகை. சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து பழைய சாமான் கடைக்கு வருகிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லாரும் இதில்தான் கைவைக்கிறார்கள். முத்திரையைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ‘எச்.டி.’ என்றால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வாட்டியது, அதை எடுக்கலாம். ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. பிள்ளைகளின் பக்கமே வரக்கூடாது.

பிளைவுட் பற்றி ஒரு வரி: ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் வகைகூட ஓரத்தின் வழியாகத் தண்ணீர் குடிக்கும்.

*

வாங்கின பச்சை மரத்தைக் குளத்தில் ஊறப்போடுவது பழைய வழக்கம். மரத்திலுள்ள மாவுச்சத்து கரைந்து வெளியேறும். உளுக்க வைக்கும் வண்டுக்கு இரையில்லாமல் போகும். நல்ல தண்ணீர்க் குளத்தில்தான் போட வேண்டும். கழிமுக உப்புநீரில் போட்டால் கடற்புழு துளைத்துவிடும். எடுத்துக் காயவைக்கும்போது இரண்டு முனையிலும் பெயின்ட் அல்லது மெழுகு பூசவேண்டும். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும். அங்கேதான் முதல் வெடிப்பு விழும்.

*

உயரம். பெரியவர்களின் பெஞ்சைச் சிறியதாக வரைந்தால் பிள்ளைகளின் பெஞ்சாகாது. சாதாரண பெஞ்சு 45 செ.மீ. உயரம். அதில் உட்காருகிற நான்கு வயதுப் பிள்ளையின் கால் தொங்கும், தொடையின் அடியில் பலகை விளிம்பு அழுத்தும், கொஞ்ச நேரத்தில் நெளிய ஆரம்பிக்கும். நாம் “ஒழுங்கா உக்காரு” என்போம். ஐரோப்பியத் தர அளவு இ.என். 1729 சொல்வது: 93 முதல் 116 செ.மீ. வரை வளர்ந்த பிள்ளைக்கு உட்காரும் உயரம் 26, மேசை 46. 121 செ.மீ. வரை வளர்ந்தால் 31, மேசை 53. நான் இதை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, செருப்பில்லாத குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்புவரை நூல் பிடித்து அளந்தேன். முழங்கால் மடிப்புக்கும் பலகை விளிம்புக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் வேண்டும்.

மரியா மாண்டிசோரி 1907இல் ரோமின் சான் லொரென்சோ பகுதியில் திறந்த பிள்ளைகள் இல்லத்தில் தொடங்கிய மாற்றங்களில் ஒன்று, பிள்ளையே தூக்கிச் செல்லக்கூடிய சின்ன மேசை நாற்காலி. தரையோடு அறைந்த பள்ளிக்கூட பெஞ்சை அவர் வெறுத்தார். 1939இல் பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேல் அழைத்து அடையாறு வந்தார். போரின்போது இத்தாலியர் என்பதால் நாட்டைவிட்டுப் போக முடியாமல் சென்னையிலும் கொடைக்கானலிலும் வருடக்கணக்கில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சென்னை இங்கிருந்து 120 கிலோமீட்டர் வடக்கேதான் இருக்கிறது. கனமாகச் செய்தால்தான் உறுதி என்று எனக்குள்ளே இருந்த எண்ணத்தை அவரைப் படித்த பிறகுதான் மாற்றிக்கொண்டேன். ஒரு பிள்ளையால் நகர்த்த முடியாத பெஞ்சு, நிழல் நகரும்போது வெயிலில் தனியாகக் கிடக்கும்.

சம்மணம் போட்டுப் பழகின பிள்ளைகளுக்குப் பெஞ்சே தேவையா என்ற கேள்வியும் நியாயமானது. கணக்கப்பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து எழுதிய சாய்வு மேசை நம்மிடம் இருந்ததே! பலகை சாய்ந்திருந்ததால் கழுத்து குனியாது. கோடையில் அதுவே மேல் என்று தோன்றுகிறது. மழைக்காலத்தில் தரை ஈரமாகும்போது பெஞ்சு வேண்டும். இரண்டும் செய்வேன்.

*

இடைவெளி அளவுகள், பிறழாமல் வைத்துக்கொள்ள வேண்டியவை. உட்காரும் பலகைகளுக்கு நடுவே மழைநீர் வழிய 5 முதல் 6 மி.மீ. விட்டால் போதும். 8 முதல் 25 மி.மீ. வரையுள்ள சந்தில் விரல் மாட்டும். ஏறி விளையாடும் சட்டமானால், 89 முதல் 230 மி.மீ. வரையுள்ள திறப்பு இருக்கவே கூடாது: உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். விளையாட்டுக் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரத்தின் அடிப்படை விதி இது. அந்த எண்ணை நினைத்துக்கொண்டு நம் ஊர் மாடிக் கைப்பிடிகளைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

*

பெஞ்சின் கால் எங்கே இருக்க வேண்டும்? 120 செ.மீ. நீளம், 10 கிலோ எடையுள்ள பெஞ்சு. கால்கள் முனையிலிருந்து 25 செ.மீ. உள்ளே தள்ளியிருக்கின்றன. 15 கிலோ பிள்ளை முனையில் உட்கார்ந்தால் கவிழ்க்கும் பக்கம் 15 × 25 = 375. பிடித்துவைக்கும் பக்கம் 10 × 35 = 350. பெஞ்சு கவிழும். காலை முனையிலிருந்து 10 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 150க்கு எதிரே 500. அதே எடைப் பிள்ளைகள் இரண்டு பேர் ஓரத்தில் ஏறி நின்றாலும் கவிழாது. இந்தக் கணக்கை ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் போட்டுக் காட்டினேன். ஏற்றப் பலகையை வைத்து உடனே புரிந்துகொண்டான்.

மணலில் மெல்லிய கால் இறங்கிவிடும். முன்காலையும் பின்காலையும் அடியில் ஒரு கட்டையால் சேர்த்துவிட்டால், அது மணல்மேல் பரவி நிற்கும். இழுத்துச் செல்லவும் எளிது. தேய்ந்தால் அந்த அடிக்கட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

*

இந்தக் கரையின் மரமும் உப்பும் பிள்ளைகளும் சங்கப் பாட்டிலேயே உண்டு. சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. அலை கொண்டுவந்து கரையில் தள்ளிய வாசனை மரம், ஒட்டகம் படுத்துறங்குவதுபோல் கிடந்தது என்கிறார் நத்தத்தனார். நுளையர் என்ற மீனவர் குலத்துப் பெண் அதை விறகாக எரிக்கிறாள். அதே பாட்டில், கொற்கைப் பக்கத்தில், உப்பு வணிகரான உமணரோடு வந்த மந்தி ஒன்று கிளிஞ்சலுக்குள் முத்தை வைத்து மூடி, உமணப் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. உப்பு விற்கப் போகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள்.

பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்த சிறுதேர் வருகிறது. பட்டினப்பாலையில் குதிரை பூட்டாமல் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேர். நம் நடைவண்டிக்கு எவ்வளவு வயது என்று நினைத்துப் பார்க்கிறேன். பிள்ளைகளுக்கான மரவேலையைச் சில்லறை வேலையாக நினைக்காத மொழி இது.

*

ஜார்ஜ் நகாஷிமா. தெற்கே 35 கிலோமீட்டரில், புதுச்சேரி ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதிக் கட்டுமானத்தை 1937 முதல் 1939 வரை உடனிருந்து நடத்தின கட்டடக் கலைஞர். ஸ்ரீ அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயரிட்டார். அமெரிக்கா திரும்பிய பிறகு, போரில் ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்த முகாம்களில் ஒன்றான மினிடோகாவுக்கு 1942இல் மனைவியோடும் கைக்குழந்தையோடும் அனுப்பப்பட்டார். அங்கே ஹிகோகாவா என்ற தச்சரிடம் கழிவுக் கட்டைகளை வைத்து ஜப்பானியக் கைவேலையை முறையாகக் கற்றார். அப்போது வயது 37. உலகம் கொண்டாடும் மரக்கலைஞர் ஆனது அதற்குப் பிறகுதான். வெடிப்புள்ள பலகையை அவர் ஒதுக்குவதில்லை. வெடிப்பின் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு கட்டையைப் பதித்து நிறுத்துவார். வெடித்த பூவரசுப் பலகைக்கு அதையே செய்து பார்க்கப்போகிறேன். இரும்புத் தகடு அடிப்பதைவிட அது பல காலம் நிற்கும்.

*

பூச்சு. பண்ருட்டி முந்திரிக்கொட்டை எண்ணெய் படகுக்கு நல்லது. தோலில் பட்டால் கொப்புளிக்கும், பிள்ளைகளின் சாமானில் வேண்டாம். வேப்பெண்ணெய், புங்க எண்ணெய் காயாமல் பிசுபிசுக்கும், மணல் ஒட்டும். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகும். மெல்லிசாக, பல முறை. துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடாகித் தீப்பிடிக்கும்; விரித்துக் காயவிடவும். பெயின்ட் அடிப்பதானால் ஈயம் 90 பி.பி.எம்.க்குள் இருக்க வேண்டும். அந்த விதி 2017 நவம்பரிலிருந்து நடப்பில் உள்ளது. பழைய படகுப் பலகையின் வண்ணம் அழகுதான், ஆனால் அதில் என்ன இருக்கிறதோ! பிள்ளைகள் பல்லால் கடிக்கும் விளிம்புக்கு அது கூடாது.

*

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை. அதற்கு முன் நிவர், தானே புயல்கள். வெளியில் போடும் சாமான் எதையும் புயலை எண்ணித்தான் செய்ய வேண்டியிருக்கிறது. எச்சரிக்கை வந்ததும் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து திண்ணைக்குத் தூக்கிவர முடிய வேண்டும். முடியாதது எதுவானாலும் பூமியில் ஆழப் பதித்திருக்க வேண்டும். நடுத்தரமாகக் கனத்து, வெறுமனே நிற்கும் சாமான்தான் மிக ஆபத்து.

*

அடுத்து: பெட்டி நாற்காலி. பக்கப் பலகை இரண்டு, 55 செ.மீ. உயரம். நடுவில் உட்காரும் பலகை, 2 செ.மீ. கனம், அதன் மேல்முகம் தரையிலிருந்து 26இல். அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தால் உட்காரும் உயரம் 31 ஆகிவிடும். அங்கன்வாடித் தங்கையும் ஒன்றாம் வகுப்பு அக்காவும் ஒரே நாற்காலியை மாற்றிமாற்றிப் போட்டுக்கொள்ளலாம். கால் கிடையாது, மணலில் இறங்காது. உட்காரும் பலகையை மூன்று பட்டையாக்கி நடுவில் சந்து விட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கும். விளிம்பெல்லாம் அரத்தால் உருட்ட வேண்டும்; கவிழ்க்கும்போது எல்லா விளிம்பும் ஒரு முறை கைக்கு வரும். மரவாடியில் பூவரசு ஒரு கன அடிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் முனைகளுக்கு மெழுகு.